பன்னிரண்டு சிவாலயங்களும் ஒரு கேமராத் திரையும்: குமரி மேற்கில் ஏஆர் இடக்குறிகளை ஒழுங்குபடுத்திய நிகழ்வு ஆய்வு

கைபேசியின் கேமராவை உயர்த்திப் பிடித்தால், எதிரே தெரியும் தெருவின் மேலேயே கோயில் பெயரும் தூரமும் எழுதிக் காட்டும். ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏஆர், என்பதன் எளிய வடிவம் இது. இதில் படம் வரைவது சின்ன வேலைதான். ஓர் இடத்தை வரைபடத்தில் குறித்துவைக்கும் பதிவுதான் இடக்குறி. ஆயிரக்கணக்கான இடக்குறிகளில் எதை, எப்போது, எந்த வரிசையில் எடுத்துக் கொடுப்பது என்பதில்தான் முழு உழைப்பும் போகிறது. இந்தத் துறையில் வந்த பெரும்பாலான ஆப்கள் "பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பாதியில், தக்கலையிலிருந்து களியக்காவிளை வரைக்கும், அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்பது "அடுத்தது எது, எந்த வழியா போணும்?" என்றுதான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிறிய பணியின் வழியாக இங்கே எழுதுகிறேன்.

பணி இதுதான். தக்கலை, மார்த்தாண்டம், எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை ஆகிய ஊர்களின் இளைஞர்கள் சிலர் சேர்ந்து, வட்டாரத்தின் கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், கோட்டைகள், குளங்கள், அருவிகள் எல்லாவற்றுக்கும் கைபேசியிலேயே இடக்குறி போட்டு வைத்திருந்தார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், ஒரு பெயர், ஒரு படம், மனதுக்குத் தோன்றிய சில வகைச் சொற்கள். அன்போடு சேர்த்த சேமிப்பு அது. ஆனால் கேமராவைத் திறந்தால் திரை முழுக்கப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. சில குறிகள் வானத்தில் நின்றன, சில தேடினாலும் வரவில்லை. அதை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு நான் வந்தேன்.

சோதனைக்களமாக நாங்கள் எடுத்துக்கொண்டது சிவாலய ஓட்டம். மாசி மாதம் மகா சிவராத்திரியை ஒட்டி, கையில் பனையோலை விசிறியோடு, "கோவிந்தா கோபாலா" என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியும் நடந்தும் தரிசிக்கிற வழக்கம். திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்று வரிசை மாறாமல் போக வேண்டும். மொத்தம் சுமார் 100 கிலோமீட்டர். எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மலை, ஆறு, ரப்பர் தோட்டம், நெரிசலான சந்தைத்தெரு எல்லாம் இந்த ஒரே வழியில் வந்துவிடுகின்றன. ஒரு தேடல் முறை இங்கே தாக்குப்பிடித்தால் மற்ற இடங்களிலும் பிடிக்கும் என்று நம்பினோம்.

வானத்தில் நின்ற குறிகள்

முதலில் உயரம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப்பக்கம் ஏஆர் செய்கிற எல்லோரையும் இது தாக்கும். ஆனால் வெளிநாட்டில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

ஜிபிஎஸ் தருகிற உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம் அல்ல. பூமியை வழுவழுப்பான முட்டை வடிவமாகக் கற்பனை செய்து, அந்தக் கணித வடிவத்தின் மேற்பரப்பிலிருந்து அளக்கிறது. உண்மையான கடல்மட்டமோ ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே அதிகப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே கிடக்கிறது. குமரி மாவட்டம் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் உட்கார்ந்திருக்கிறது. குளச்சல் கடற்கரையில், அலை காலை நனைக்கும் இடத்தில் நின்று ஆண்ட்ராய்டு கைபேசி தரும் மூல உயரத்தைப் படித்தால், கடல்மட்டத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும். கைபேசி பழுதாகவில்லை, அது வேறொரு கணக்கில் பேசுகிறது, அவ்வளவுதான்.

ஐபோனோ ஆப்களுக்குக் கடல்மட்ட உயரத்தைத்தான் கொடுத்து வந்திருக்கிறது. முட்டை வடிவக் கணக்கிலான உயரத்தை ஐஓஎஸ் 15 தனியாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆண்ட்ராய்டில் கடல்மட்ட உயரத்தை நேரடியாகக் கேட்டு வாங்கும் வழி 14ஆம் பதிப்பில்தான் வந்தது. ஆக, ஒரே கோயில் வாசலில் இரண்டு பேர் நின்று, ஒருவர் ஆண்ட்ராய்டிலும் இன்னொருவர் ஐபோனிலும் குறி போட்டால், இரண்டு குறிகளுக்கும் நடுவே 90 மீட்டருக்கு மேல் இடைவெளி விழும். ஐரோப்பாவிலும் இந்த வித்தியாசம் உண்டு, ஆனால் அங்கே பொதுவாக அது பாதி அளவுதான். இங்கே வித்தியாசம் ஒரு கோபுரத்தையே விழுங்கிவிடும். சேமிப்பில் இருந்த குறிகளில் எது எந்தக் கைபேசியில் போட்டது என்ற விவரம் பதிவாகவில்லை. அதனால் பழைய உயரங்களைத் திருத்தவும் வழியில்லை.

நாங்கள் எடுத்த முடிவு, கைபேசி சொல்லும் உயரத்தை முழுவதுமாகக் கைவிடுவது. அதற்குப் பதிலாக, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் மூலம் அளந்த எஸ்ஆர்டிஎம் தரை உயரத் தரவை எடுத்துக்கொண்டோம். சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, கடல்மட்டக் கணக்கு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். குறியின் தரை உயரமும் பார்ப்பவரின் தரை உயரமும் அதே அட்டவணையிலிருந்து வரும்போது பொதுவான பிழைகள் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்கின்றன. குறியில் "தரையிலிருந்து எவ்வளவு மேலே" என்ற ஒரு எண்ணை மட்டும் புதிதாகச் சேர்த்தோம்.

இந்த முறைக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் ஒரு நல்ல சோதனை. பரளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம் அது. மேலே நடைபாதை, கீழே ஆற்றில் குளிக்கிற இடம். இரண்டுக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒன்றுதான். வித்தியாசம் ஏறக்குறைய 35 மீட்டர் உயரம் மட்டும். தரைத் தரவில் அந்த ஒல்லியான பாலம் தெரியாது, பள்ளத்தாக்கின் அடிதான் தெரியும். அதனால் பாலத்தின் மேல் நிற்பவரை ஆப் ஆற்றுக்குள் நிற்பவராக எண்ணிவிடும். இதற்குக் கணக்கு எதுவும் போடாமல், இதுபோல அடுக்கடுக்கான இடங்களில் மட்டும் "மேலே நிற்கிறீர்களா, கீழேயா?" என்று ஒரு பொத்தான் வைத்தோம். கருவிக்குத் தெரியாத விஷயம் மனிதருக்குத் தெரிந்திருந்தால், அவரிடமே கேட்டுவிடுவதுதான் நேர்மை.

திசை

திசைகாட்டியைப் பொறுத்தவரை நமக்கு இயற்கை கொடுத்த ஒரு வசதி உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் பறந்த தும்பாவை ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே முக்கியக் காரணம். காந்த நடுக்கோட்டின் அருகே பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருப்பதால், அதன் முழு வலுவும் திசைகாட்டிக்குக் கிடைக்கிறது. உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள விலகலும் ஓரிரு டிகிரிதான். கெடுப்பது எல்லாம் பக்கத்தில் இருக்கும் இரும்புதான். காங்கிரீட்டுக்குள் ஓடும் கம்பி, தகரக்கூரை, பைக், காந்தம் வைத்த கைபேசி உறை.

இதில் ஒரு சின்னக் கணக்கு ரொம்ப உதவியது. ஜிபிஎஸ் பக்கவாட்டில் 10 மீட்டர் தவறினால், 20 மீட்டர் தள்ளியுள்ள குறி திரையில் 27 டிகிரி வரை விலகி நிற்கும். அரை கிலோமீட்டர் தள்ளியுள்ள குறியோ ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் விலகும். திசைகாட்டிப் பிழை இதற்கு நேர் எதிர். 15 டிகிரி தவறினால் பக்கத்தில் உள்ளதுக்குப் பெரிய பாதிப்பில்லை, ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ளது கிட்டத்தட்ட 270 மீட்டர் இடம் மாறி, வேறொரு தெருவின் மேல் போய் நிற்கும். அதாவது ரொம்பப் பக்கத்தில் இருப்பதற்கு அம்புக்குறி போடுவதும் தப்பு, ரொம்பத் தொலைவில் இருப்பதற்குக் கட்டடத்தைச் சுட்டிக்காட்டுவதும் தப்பு. ஆகவே 40 மீட்டருக்குள் வந்துவிட்டால் அம்பை எடுத்துவிட்டு "இங்கேயேதான்" என்ற அட்டையும் வாசலின் படமும். தொலைவில் இருப்பதற்குப் பெயர் மட்டும், அகலமான பட்டையாக.

2022இல் வந்த கூகிளின் ஏஆர்கோர் ஜியோஸ்பேஷியல் முறை, தெருப் படங்களோடு கேமராக் காட்சியை ஒப்பிட்டு இந்தப் பிழைகளைப் பெருமளவு குறைக்கிறது. நகரச் சாலைகளுக்கு அது நல்ல வழி. தெருப் படம் எடுக்கப்படாத ஒற்றையடிப் பாதையிலும் ரப்பர் தோட்டத்துக்குள்ளும் அதுவும் ஜிபிஎஸ்ஸையும் திசைகாட்டியையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. நம் வழித்தடத்தில் அப்படிப்பட்ட இடங்களே அதிகம். இணையமும் மலைப்பக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் எல்லாம் கைபேசிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

தக்கலைக்குக் கிழக்கே ஒரு கோடு

இந்தப் பணியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

பழைய சேமிப்பு ஜியோஹாஷ் என்ற முறையில் அடுக்கப்பட்டிருந்தது. 2008இல் குஸ்தாவோ நீமெயர் வெளியிட்ட எளிய, அழகான யோசனை. உலகத்தைப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர். எழுத்து கூடக் கூடப் பெட்டி சிறிதாகும். மூன்றெழுத்துப் பெட்டி ஏறக்குறைய 156 கிலோமீட்டர் சதுரம், ஐந்தெழுத்துப் பெட்டி சுமார் 4.9 கிலோமீட்டர் சதுரம், ஏழெழுத்துப் பெட்டி 150 மீட்டர் போல. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குப் பெயரின் முன்பகுதி பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். அதனால் "இந்த எழுத்துகளில் தொடங்குகிற எல்லாவற்றையும் கொடு" என்று கேட்டாலே அக்கம்பக்கம் கிடைத்துவிடும். போதிய விடை வரவில்லை என்றால் கடைசி எழுத்தை விட்டுவிட்டு இன்னும் பெரிய பெட்டியில் தேடலாம். பழைய ஆப் இப்படித்தான் செய்தது.

"பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் சிக்கல். இந்த முறை உலகத்தைத் திரும்பத் திரும்பப் பாதியாக வெட்டுகிறது. அந்த வெட்டுகளில் ஒன்று 77.34375 டிகிரி தீர்க்கரேகையில் விழுகிறது. பத்மநாபபுரம் அரண்மனைக்கு நேர் கிழக்கே இரண்டு கிலோமீட்டருக்குள், தக்கலையிலிருந்து வில்லுக்குறி போகிற வழியில் அந்தக் கோடு குறுக்கே ஓடுகிறது. அதுவும் மூன்றாவது எழுத்தையே மாற்றும் வெட்டு. கோட்டுக்கு மேற்கே இருப்பதெல்லாம் "டி-9-கியூ", கிழக்கே இருப்பதெல்லாம் "டி-9-ஆர்". மேற்குப் பெட்டியைப் படத்தில் வரைந்து பார்த்தால் பெரும்பகுதி அரபிக்கடல். மிச்சமுள்ள நிலத்துண்டில் கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, மார்த்தாண்டம், குளச்சல், தக்கலை. கிழக்குப் பெட்டியில் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் கூடங்குளமும்.

கோட்டுக்கு ஒரு பக்கம் நிற்பவர் மறுபக்கம் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒன்றைத் தேடினால் என்ன ஆகும்? ஐந்தெழுத்துப் பெட்டியில் இல்லை. நான்கெழுத்துக்கு விரித்தாலும் கோட்டைத் தாண்டாது. மூன்றெழுத்துக்கும் அதே கதை. இரண்டெழுத்துக்கு வந்தால்தான் இரண்டு பக்கமும் ஒன்றாகும். ஆனால் அந்தப் பெட்டியில் மதுரை, கோயம்புத்தூர், கொச்சி எல்லாம் சேர்ந்தே வரும். அரண்மனை வாசலில் நிற்பவருக்கு மேற்கே இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ளதெல்லாம் வரிசையாக வரும், கிழக்கே மூன்று கிலோமீட்டரில் இருப்பது வராது.

இப்போது சிவாலய ஓட்டத்தின் வரிசையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ஏழாவது கோயிலான கல்குளம் பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளேயே, கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. ஒன்பதாவதான திருவிடைக்கோடு வில்லுக்குறிப் பக்கம், கோட்டுக்குக் கிழக்கே. பத்தாவதான திருவிதாங்கோட்டுக்கு மறுபடியும் மேற்கே திரும்பி வர வேண்டும். ஓடுகிறவர் அந்தக் கோட்டை இரண்டு முறை தாண்டுகிறார். இரண்டு முறையும் பழைய ஆப் அவருக்கு அடுத்த கோயிலைக் காட்டாது. ஓட்டத்தின் பாதி தூரம் தாண்டி, கால் வலி தொடங்குகிற இடத்தில் இந்தக் குழப்பம் வருகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

தீர்வு புதிதல்ல. ஒரு பெட்டியில் தேடும்போது அதைச் சுற்றியுள்ள எட்டுப் பெட்டிகளிலும் சேர்த்துத் தேட வேண்டும் என்பது இந்த முறையை ஆழமாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் இன்னும் ஒரு படி போய், கைபேசிக்குள் ஜியோஹாஷையே விட்டுவிட்டு, கைபேசியிலேயே இயங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் உள்ள ஆர்-ட்ரீயைப் பயன்படுத்தினோம். 1984இல் அன்டோனின் குட்மன் விவரித்த அமைப்பு அது. நிலையான கட்டங்களுக்குப் பதிலாக, இருக்கும் குறிகளையே அருகருகே சேர்த்துச் செவ்வகங்களாகக் கட்டி, அந்தச் செவ்வகங்களை மேலும் பெரிய செவ்வகங்களுக்குள் அடுக்கும். யாரோ எங்கேயோ போட்ட கோடு ஊர் நடுவே ஓடாது. சில ஆயிரம் குறிகளுக்கு எந்த முறையும் வேகமாகத்தான் இருக்கும். வேகத்துக்காக இதை எடுக்கவில்லை, விடை தவறக்கூடாது என்பதற்காக எடுத்தோம். சர்வரிலிருந்து பகுதி பகுதியாக இறக்குவதற்கு மட்டும் ஜியோஹாஷ், அதுவும் சுற்றுப்பெட்டிகளோடு சேர்த்து.

இந்தக் கோடு உங்கள் ஊரில் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வடக்கே 8.4375 டிகிரி அட்சரேகையிலும் இதே வலுவுள்ள இன்னொரு கோடு இருக்கிறது. அது கோவளத்தையும் திருவனந்தபுரம் நகரத்தையும் பிரித்துவிடுகிறது.

பெயர் கொண்டு தேடுவது

திசையும் தூரமும் சரியானாலும், பாதிப் பேர் பெயரைத்தான் தட்டச்சு செய்கிறார்கள். இந்த வட்டாரத்தில் ஒரே இடத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடுவார்கள். மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒன்று.

தமிழிலேயே முதல் தடை கண்ணுக்குத் தெரியாதது. "கோ" என்பதில் உள்ள ஓகாரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத்தரமான யூனிகோடில், ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை நிறைய வரும். ஒகரக் குறிக்கும் இதே கதைதான் என்பதால், பன்னிரண்டு கோயில்களில் பொன்மனையும், "கோடு" என்று முடிகிற நான்கும் ஆக ஐந்து பெயர்கள் இதில் மாட்டுகின்றன. உள்ளே போகும் பெயரையும் தேடும் சொல்லையும் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். மலையாளத்தில் உயிர் சேராத சில மெய்களைக் குறிக்கும் சில்லெழுத்துகளுக்கு 2008இல் யூனிகோடு 5.1 தனி இடம் கொடுத்தது. அதற்கு முன்பிருந்த எழுத்துமுறையும் இன்னும் புழங்குகிறது. என்எஃப்சி இதை ஒன்றாக்காது, நாமே அட்டவணை போட்டு மாற்ற வேண்டும்.

இரண்டாவது தடை இன்னும் மோசமானது. எஸ்கியூலைட்டில் சொற்களைத் தேடித் தரும் எஃப்டிஎஸ்5 என்ற பகுதி, நாம் எதுவும் சொல்லாவிட்டால், எழுத்துகளையும் எண்களையும் மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. தமிழின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் இல்லை, ஒட்டுக்குறி என்ற வகையில் இருக்கின்றன. விளைவு, ஒவ்வொரு குறியிலும் சொல் உடைகிறது. "கோடு" என்பது "க", "ட" என்று இரண்டு துண்டாகும். "காடு", "கூடு", "கேடு" எல்லாமே அதே இரண்டு துண்டு. தமிழில் தேடல் ஏன் சம்பந்தமில்லாத விடைகளைக் கொடுக்கிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் இங்கே பார்க்கலாம். ஒட்டுக்குறி வகையையும் சொல்லோடு சேர்த்துக்கொள் என்று அமைப்பில் ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும்.

அப்புறம்தான் ஒலி. மூன்று எழுத்துகளிலிருந்தும் பெயரை ஒரு பொதுவான ஒலிச்சாவியாகச் சுருக்கினோம். இரட்டை மெய் ஒற்றையாகும், நெடில் குறிலாகும், ஆங்கில எழுத்தில் பிரித்தறிய முடியாத தகரமும் டகரமும் ஒன்றாகும். தக்கலை, குளச்சல், சிதறால் போன்றவை இதனால் எப்படி எழுதினாலும் கிடைத்தன. ஆனால் திருவிடைக்கோடும் திருவிதாங்கோடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. ஒரு மெல்லினம்தான் வித்தியாசம். ஓட்டத்தில் ஒன்பதும் பத்தும் இவைதான். சாவியை இறுக்கினால் மலையாளத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடுபவர்களுக்குக் கிடைக்காது, தளர்த்தினால் இரண்டும் குழம்பும். சரி, சாவியைத் தளர்வாகவே விட்டு, இரண்டையும் காட்டி, எதை மேலே வைப்பது என்பதை அவர் ஏற்கெனவே எந்தக் கோயிலைத் தாண்டி வந்திருக்கிறார் என்பதை வைத்து முடிவு செய்தோம். மேலாங்கோட்டிலிருந்து வருகிறவருக்குத் திருவிடைக்கோடு மேலே. ஓட்டத்தில் இல்லாதவருக்கு, திருவிதாங்கோடு என்று தேடினால் சிவன் கோயிலும் அரப்பள்ளி என்ற பழைய தேவாலயமும் சமமாக.

ஊர்க்காரர் சொல்லும் பக்கத்து ஊர்ப் பெயர்களையும் மாற்றுப்பெயராகச் சேர்த்தோம். திருமலைக்கு முஞ்சிறை, திருவிடைக்கோட்டுக்கு வில்லுக்குறி, திருப்பன்றிக்கோட்டுக்குப் பள்ளியாடி. மார்த்தாண்டத்தைத் தொடுவெட்டி என்று தேடும் பெரியவர்களும் உண்டு. வகைச் சொற்களில் கோயில், கோவில், அம்பலம், சேத்திரம் நான்கும் ஒரே வகைக்குள் போயின. போட்டவர் எழுதிய சொல்லை அழிக்காமல் அப்படியே வைத்து, பின்னால் ஒரு பொது வகையோடு மட்டும் இணைத்தோம். அவரவர் சொல்லில் தேடுகிற உரிமை அவரவருக்கு இருக்க வேண்டும்.

தொடர் என்ற பட்டியல்

இந்த வேலையின் மையம் என்று நான் கருதுவது இதுதான். திக்குறிச்சி கோயில் குழித்துறை வழியாக ஓடும் தாமிரபரணியின் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் நிற்பவருக்கு ஆப் ரொம்பப் பக்கம் என்று காட்டும். அங்கே குறி சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஓட்டும் ஒரு பெரியவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, இதப் பாத்து எறங்கினா ஆத்துக்குள்ளதான் போவ. பாலம் சுத்திதான் போணும்." நேர்கோட்டுத் தூரத்தின் மீது நாங்கள் வைத்திருந்த கேள்விகளையெல்லாம் அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

அதனால் குறிகளோடு கூடவே "தொடர்" என்று ஒரு தனிப் பட்டியலை வைத்தோம். ஒரு தொடருக்கு ஒரு பெயர், அதில் எந்தக் குறி எத்தனையாவது, முந்தையதிலிருந்து இதற்குச் சாலைவழி எவ்வளவு, எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும். ஒரே குறி பல தொடர்களில் இருக்கலாம். கல்குளம் கோயில் சிவாலய ஓட்டத்தில் ஏழாவது, பத்மநாபபுரம் கோட்டைச் சுற்றில் வேறொரு எண். பயனர் ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தேடல் அருகில் உள்ளதை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். திரையில் முதலில் அடுத்த சந்திப்புக்கு அம்பு, அதன் பின்னால் அடுத்த கோயிலின் பெயர், மற்றவை எல்லாம் மங்கலாக.

மங்கலாக்குவதற்கும் ஒரு முறை தேவைப்பட்டது. கேமரா ஏறக்குறைய 60 டிகிரி அகலத்தைத்தான் காட்டுகிறது, அதற்கு வெளியே உள்ளது இப்போது வேண்டாம். வேளிமலைக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதை அந்தத் தரை உயரத் தரவே சொல்லிவிடும். நிற்கும் இடத்துக்கும் குறிக்கும் நடுவே நிலம் பார்வைக்கோட்டைத் தாண்டி எழுகிறதா என்று பார்த்தால் போதும். மலைக்குப் பின்னால் உள்ளவை சாம்பல் நிறத்துக்குப் போனதும் திரை மூச்சுவிட்டது.

ஓடுகிறவர்கள் கேமராவை உயர்த்திக்கொண்டே ஓட மாட்டார்கள், ஓடவும் கூடாது. பேட்டரியும் தாங்காது. ஏஆர் அவர்களுக்குச் சந்திப்பில் நின்று சில நொடி பார்ப்பதற்கு மட்டும். மற்ற நேரம் "அடுத்து பொன்மனை" என்று குரலில் சொன்னால் போதும். இதை ஆரம்பத்திலேயே வரையறுத்ததால் பல அலங்காரங்கள் தேவையில்லாமல் போயின.

வழிநெடுக ஊர்க்காரர்கள் மோரும் சுக்குத்தண்ணீரும் கொடுக்கும் இடங்களுக்கும் குறி வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அவை அந்த ஓர் இரவுக்கு மட்டும் உயிருள்ள குறிகள். ஆகவே ஒவ்வொரு குறிக்கும் "எப்போதிலிருந்து எப்போதுவரை" என்ற காலம் சேர்ந்தது. காலம் முடிந்தால் குறி தூங்கிவிடும், அடுத்த ஆண்டு யாராவது உறுதி செய்தால் எழும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதும் இதே கட்டத்துக்குள் வந்துவிட்டது.

இப்போதுள்ள நிலை: கல்குளத்திலிருந்து திருவிடைக்கோட்டுக்கும், அங்கிருந்து திருவிதாங்கோட்டுக்கும் ஆப் இடறாமல் கொண்டுபோகிறது. தொட்டிப்பாலத்தின் மேலும் கீழும் குறிகள் தத்தம் இடத்தில் நிற்கின்றன. சிதறால் மலையில் உள்ள சமணக் குகைக்கோயிலுக்கு ஏறுகிற பாதையில் மரநிழல் அடர்ந்த இடங்களில் ஜிபிஎஸ் தடுமாறுவது தொடர்கிறது. அங்கே படிவரிசையையே ஒரு தொடராக்கிப் பார்க்கிறோம். அரண்மனைக்குள் ஜிபிஎஸ் உதவாது. மர உத்தரங்களும் ஓட்டுக் கூரையும் குறுகிய இடைகழிகளுமான கட்டடம் அது. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசுடையது, உள்ளே புதிதாக எந்தக் கருவியும் பொருத்துவது எங்கள் கையில் இல்லை. ஆனால் பார்வையாளர்கள் உள்ளே ஒரே வழியாகத்தான் நடக்கிறார்கள். மந்திரசாலையில் தொடங்கி நவராத்திரி மண்டபம் வரை அறைகளை அதே தொடர் பட்டியலில் போட்டுவிட்டோம். இருப்பிடத்தைக் கணிக்காமல் பார்வையாளரே "அடுத்தது" என்று தட்டிக்கொண்டு போகலாம். மலையாள எழுத்தில் வரும் தேடல்களுக்கான ஒலிச்சாவியைப் பாறசாலைப் பிள்ளைகள் இப்போது சரிபார்த்து வருகிறார்கள்.